இடது பக்கம் கரை

கரை இடது பக்கம் இருக்க வேண்டும். இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தொண்டியில் நங்கூரத்தைத் தூக்கும்போது மணி ஆறே முக்கால், அரை மணி நேரம் வரைக்கும் தென்னை வரிசையும் இரண்டு செல்போன் டவரும் கூடவே வந்தன, அப்புறம் ஆவணி மாதத்துப் புழுதி மங்கல் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டது. வானமும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை, நடுவில் பதினெட்டு அடிப் பாய்ப்படகு, அதற்குள் ஐம்பத்தாறு வயதில் ஒற்றை ஆளாக நான். சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, வானம் முழுக்க ஒரே சீராக டியூப்லைட் வெளிச்சம். இருந்தால் என்ன, காம்பஸ் இருக்கிறது, காம்பஸ் முப்பத்தைந்து காட்டுகிறது, வடகிழக்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பதினொன்றரைக்குக் கோட்டைப்பட்டினம், அங்கே சாப்பாடு, தூக்கம், நாளைக்கு மேலே வடக்கே, இன்னும் மூன்று நாளில் நாகப்பட்டினம். சுக்கான் பிடிப்பது எனக்குப் புதிதா. இருபத்தாறு வருஷம் கப்பலில் அதுதான் பிழைப்பு. அதிகாரி நம்பரைச் சொல்வார், நான் அதையே திருப்பிச் சொல்லி, கப்பலை அதில் கொண்டுபோய் நிறுத்துவேன், விடிய விடிய அரை டிகிரி பிசகாது. கஸ்பார் சுக்கானில் நின்றால் காபி குடிக்கப் போகலாம் என்பார்கள். யாராவது நம்பரைச் சொல்லிவிட்டால் நான் நல்ல ஆள்தான், சொல்லாவிட்டால்தான் வம்பு. அதோ, மறுபடி. ட்ர்ர்ர் என்று பலகையில் அதிர்கிறது. எடுக்க மாட்டேன்.

ஏழரை மணிக்கு முதல் தடவை அதிர்ந்தபோது போன் சட்டைப் பையில் இருந்தது, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, நெஞ்சுக்கு மேலேயே. யாரோ விலா எலும்பில் விரலை வைத்துச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. எடுத்துப் பார்க்காமலே அதன் உறையை மூடினேன், அண்ணன் மனைவி பிலோமி மைனி வாங்கித் தந்த தோல் உறை, மூடியைக் கிட்டே கொண்டுபோனாலே டப்பென்று தானாக ஒட்டிக்கொள்ளும், கடலுக்குப் போறீங்க தம்பி, திறந்துக்கிட்டுத் தண்ணி கிண்ணி பட்டுரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கினது. உருண்டு விழாத இடமாகத் தேடி, காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மாடத்தில், தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில், குப்புறச் செருகி மேலே துண்டை அமுக்கிவிட்டேன். அணைத்திருக்கலாம். அணைத்தால் அணைத்துவிட்டான் என்று தெரிந்துவிடும். மணி அடிக்கட்டும், கஸ்பார் பாயை இழுத்துக் கட்டுகிறான், கை ஓயவில்லை, அதனால் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. நிஜத்தில் காற்று சீராக இருக்கிறது, கட்டுவதற்கு ஒன்றும் இல்லை, கை சும்மா சுக்கான் கட்டையின் மேல் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் தொண்டி ஜெட்டியில் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருந்தபோது மைனி கூப்பிட்டாள். "தம்பி, டாக்டர் கேக்காரு. சரின்னாலும் சரி, இல்லன்னாலும் சரி, ஒரு வார்த்த சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்." நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிருதேன் மைனி என்றேன். அந்த நாளைக்குதான் இன்றைக்கு. அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்கிறான், சொந்தத்தில் எல்லோரையும் சோதித்ததில் பொருந்துவது என்னுடையது ஒன்றுதான். கொடுக்கிறாயா, மாட்டாயா. இரண்டே பதில். இரண்டில் ஒன்றைச் சொல்ல ஒருத்தன் தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பாய் விரித்துப் போக வேண்டுமா என்று கேட்டால், போக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

ரொம்ப நாள் ஆசை என்று எல்லோரிடமும் சொன்னேன். ரிட்டயர் ஆனதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், தனியாக ஒரு தடவை கரையோரமாகவே போய்விட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் ஆஸ்பத்திரி காரியத்தைப் பேசுவோம். ஆசை இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் ஸ்கேன் எடுத்த மறுநாள்தான் அது அவசரமாகிவிட்டது. குளிர்ந்த களிம்பைத் தடவி அந்தச் சின்ன டாக்டர் கருவியை இடுப்பில் உருட்டினார், பேனா பிடிக்கிற மாதிரி மெதுவாகத்தான் பிடித்திருந்தார், கெட்டவர் இல்லை. "ரெண்டுமே நல்லாருக்கு சார். இடது பக்கத்த எடுத்துக்கலாம்." எடுத்துக்கலாம். அலமாரியிலிருந்து பாத்திரம் எடுத்துக்கலாம். அன்றையிலிருந்து எனக்கு இடது பக்கம் என்று ஒன்று தனியாக முளைத்துவிட்டது. அதற்கு முன்னால் ஐம்பத்தாறு வருஷம் அது இருந்ததே தெரியாது. இப்போது உட்கார்ந்தால் தெரிகிறது, குனிந்தால் தெரிகிறது, படகின் விளிம்புப் பலகை அந்த இடத்தில்தான் வந்து இடிக்கிறது, கையை வைத்து மறைத்துக்கொள்கிறேன், என்னவோ இங்கேயே யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. பயம். வேறு பேர் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, யோசனை என்று, நிதானம் என்று, ஒன்றும் பொருந்தவில்லை, பயம்தான். மயக்க மருந்து கொடுத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்வார்களாம். நாலுக்கு நான் எங்கே இருப்பேன். சுக்கானில் நான்கு மணி நேரம் கண்ணிமைக்காமல் நின்றவனை, நாலு எண்ணுவதற்குள் இல்லாமல் ஆக்கிவிட்டு, மேலே விளக்கைப் போட்டுக்கொண்டு, நாலைந்து பேர் சுற்றி நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டே கிழிப்பார்கள். அதோடு இன்னொன்று. இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் ஓடுகிறது, ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரன் முகத்தில்கூட ஓடியது. இவனுக்கென்ன, பெண்டாட்டியா, பிள்ளையா, யாருக்காகப் பத்திரப்படுத்தி வைக்கிறான். ட்ர்ர்ர். இது நாலாவதா, ஐந்தாவதா. மைனி, மணி இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லையே, மத்தியானம் என்றுதானே சொன்னேன்.

அண்ணன் கேட்டிருந்தால் வேறு. ஒன்றரை வருஷமாக அவன் வாயைத் திறந்து ஒரு தடவை, ஏலே கஸ்பாரு, குடுலே என்று கேட்டிருந்தால், சரி என்றோ முடியாது என்றோ அந்த இடத்திலேயே முடிந்திருக்கும், அவன் கேட்கவே மாட்டேன் என்கிறான். அப்பாவுக்குக் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் மேல் ஒரு கிறுக்கு, மூத்தவனுக்கு மெல்கியோர், அடுத்த எனக்கு கஸ்பார், மூன்றாவதற்கு பல்தசார் என்று பெயரைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூன்றாவது பிறக்கவே இல்லை. அதனால் இந்தப் படகை வாங்கியதும் பல்தசார் என்று எழுதினேன். மெல்கி வந்து பார்த்து அரை மணி நேரம் சிரித்தான். அப்போதிலிருந்து, தம்பி எப்படி இருக்கான், தம்பிக்கு பெயிண்ட் அடிச்சியா என்றுதான் விசாரிப்பான். படகில் ஏற மாட்டான், ஜெட்டியில் நின்றாலே அவனுக்குக் குமட்டும். கடற்கரையில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே பரதவன் நம்ம அண்ணன்தான். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தினான், உலகத்தில் இருக்கிற காற்று, நீரோட்டம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம், நான் துறைமுகம் துறைமுகமாக இறங்கிவிட்டு வந்து சொன்னால், அங்கே இந்த மாசத்தில் அந்தக் காற்று இருக்காதே என்று என்னையே திருத்துவான். இந்தப் பயணத்துக்கு எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, போகட்டும் என்று சொன்னவனும் அவன்தான். "தெனமும் கெளம்பும்போது வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன மட்டும் போட்டுட்டுப் போ. எனக்கு மெஷின்ல நாலு மணி நேரம் பொழுது போகணும்லா." வாழ்நாளில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தினமும் போட்டுவிடுகிறேன், இன்றைக்கும் நங்கூரத்தைத் தூக்கும்போது பல் தேய்க்கிற மாதிரி போட்டேன். ஆனால் அந்தப் போகட்டும் எனக்கு இனிக்கவில்லை. அவன் அப்படித்தான், நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்பதை அவனே முடிவு பண்ணி வைத்துக்கொள்வான். அப்பா செத்தபோது நான் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலில் இருந்தேன், அடக்கம் முடிந்து இருபத்திரண்டு நாள் கழித்துக் கப்பல் கொச்சிக்கு வந்த பிறகு போனில் சொன்னான். ஏன் அப்பவே தகவல் கொடுக்கலை என்று கத்தினேன். "நடுக்கடல்ல இருக்க. சொன்னா என்ன செய்வ? சுக்கான விட்டுட்டு நீந்தியா வருவ?" இருபது வருஷமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு, கறிக்குழம்பு தின்றுகொண்டு இருந்திருக்கிறேன், அது அவனுக்குப் புரியாது. இப்போதும் அதேதான், கஸ்பார் தாங்க மாட்டான், கேட்டால் ஓடிவிடுவான், கேட்காமல் இருப்போம். கேட்காமலே ஓடி வந்துவிட்டேன், அவன் கணக்கு சரியாகப் போய்விட்டது, அதுதான் ஆத்திரம்.

காற்று மாறியிருக்கிறது. தொண்டியிலிருந்து கிளம்பும்போது முதுகுக்கு நேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கச்சான் காற்று, மேற்கும் தெற்கும் கலந்த காற்று, இப்போது வலது தோளில் படுகிறது. கச்சான் இவ்வளவு சீக்கிரம் சோழகமாகத் திரும்பாது, தெற்கத்திக் காற்று சாயங்காலம் அடித்தால் ஒரு நியாயம், காலை ஒன்பதரைக்கு என்ன வேலை. ஆனால் திரும்பியிருக்கிறது, தோள் பொய் சொல்லாது. பாயைக் கொஞ்சம் இழுத்துச் சரிபண்ணினேன், படகு இன்னும் வேகமாகப் போகிறது, நல்லதுதான். அலையும் வலது பின்பக்கத்திலிருந்து தூக்குகிறது, அதுவும் மாறியிருக்கிறது, காற்று மாறினால் அலையும் மாறும், ஆனால் இத்தனை வேகத்திலா. தண்ணீரில் முன்பு பாசி மிதந்துகொண்டிருந்தது, கலங்கலாக, சாணிப்பச்சையாக, கரையை ஒட்டிப் போகிறோம் என்று காட்டுகிற தண்ணீர், இப்போது பாசியைக் காணவில்லை, நிறம் கருத்துக்கொண்டு வருகிறது. மங்கலில் நிறம் அப்படித்தான் தெரியும். சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்று குடை விரித்துக்கொண்டு போயிற்று, அப்புறம் எதுவும் இல்லை. வழியில் மிமிசல் ஊரைத் தாண்டியிருக்க வேண்டும், டவர் தெரிய வேண்டும். இடது பக்கம் பார்க்கிறேன், வெள்ளை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறேன், மறுபடி வெள்ளை. அது அங்கேதான் இருக்கிறது, எங்கே போய்விடும், கரை நடந்தா போகும். காம்பஸ் முப்பத்தைந்து. காம்பஸ் முப்பத்தைந்து காட்டும்போது கரை இடது பக்கத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும். உடம்பு என்னவோ சரியில்லை சரியில்லை என்கிறது, உடம்பு சொல்வதைக் கேட்காதே, கண்ணாடிக்குள் தெரிகிற நம்பரைக் கேள் என்றுதான் முதல் நாளே கப்பலில் சொல்லித் தந்தார்கள். உடம்பு பயந்தாங்கொள்ளி, நம்பர் பயப்படாது. ட்ர்ர்ர், ட்ர்ர்ர், ட்ர்ர்ர். இது மெசேஜ் இல்லை, கூப்பிடுகிறார்கள். நின்றுவிட்டது. மறுபடி.

சரி, முடியாது என்றே சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்தேன், பாயைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன், கேட்க யார் இருக்கிறார்கள். மைனி, எனக்கு பிரஷர் இருக்கு. இல்லை, சோதித்துவிட்டார்கள், பிரஷர் இல்லை. மைனி, வயசாயிட்டு. அண்ணனுக்கு அறுபது, எனக்கு ஐம்பத்தாறு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்காதா. மைனி, நான் தனி ஆளு, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யார் பாப்பா. இது பரவாயில்லை, கொஞ்சம் உருக்கமாகக்கூட இருக்கிறது, ஆனால் அவள் உடனே, நாங்க பாப்போம் தம்பி என்பாள், சும்மா சொல்லவும் மாட்டாள், நிஜமாகவே பார்ப்பாள், டைபாய்டில் கிடந்தபோது நாற்பது நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். மைனி, எனக்குப் பயமா இருக்கு. இதைச் சொன்னபோது குரல் வேறு மாதிரி வந்தது, நிறுத்திவிட்டேன். முன்பாயின் கயிறு தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுக்கான் கட்டையை ரப்பர் கயிற்றால் கட்டிவிட்டு முன்னால் போனேன். தனியாகப் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும், அதன் கொக்கி படகில் ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும், முன்னால் போவதானால் கொக்கியைக் கழற்றி அடுத்த வளையத்தில் மாட்ட வேண்டும், நடுவில் ஒரு நொடி எதிலும் மாட்டாமல் கையில் இருக்கும். அந்த ஒரு நொடி ஒரு நொடியாக இல்லை. கையில் கொக்கியை வைத்துக்கொண்டு நின்றேன். படகு பாட்டுக்குப் போகும், சுக்கான் கட்டித்தான் இருக்கிறது, முப்பத்தைந்தைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகும், கோட்டைப்பட்டினத்து மணலில் போய் ஏறும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் தோன்றியது, அப்படிப் போனால் இடது பக்கமும் சேர்ந்துதான் போகும். மெல்கிக்கு என்று இருக்கிற ஒன்று மீனுக்குப் போகும். கொக்கியை மாட்டினேன். இரண்டு தடவை வளையத்தில் விழாமல் மூன்றாவது தடவைதான் விழுந்தது. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத் தவழ்ந்தே திரும்பி வந்து உட்கார்ந்தேன், அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதேன்.

மோட்டார் சத்தம் முதலில் கேட்டது, அப்புறம்தான் மங்கலுக்குள்ளிருந்து ஒரு ஃபைபர் வள்ளம் வந்தது. நண்டு வலை ஏற்றிக்கொண்டு இரண்டு பேர். தலையில் சிவப்புத் துண்டு கட்டியவர் மோட்டாரை மெதுவாக்கி, பக்கத்தில் ஒட்டி வந்து, பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே, எங்க போறிய?" கோட்டைப்பட்டினம் என்றேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "கோட்டப்பட்டினம் அங்கிட்டுல இருக்கு" என்று எனக்கு இடது பின்பக்கமாகக் கையைக் காட்டினார். "நீங்க இங்கிட்டு போறியளே. நாங்களே கரைய விட்டு ரொம்பத் தூரம் வந்துருக்கோம், நீங்க அதுக்கும் மேல கெழக்க போறிய." காற்று சோழகம், நான் முப்பத்தைந்தில் போகிறேன், என்று என்னவோ சொன்னேன். "சோழகமா? காத்து காலையில இருந்து கச்சான்தான்ணே. மாறவே இல்ல." வலைக்காரர் நிமிர்ந்தார். "ரெண்டரை மணி நேரம் இப்புடியே போனியன்னா லைனு, இலங்கை எல்லை. அங்கிட்டுப் போனா புடிச்சிட்டுப் போயிருவான். போன வருசம் என் மச்சான போட்டோட புடிச்சான், மூணு மாசம் உள்ள கெடந்தான். தனி ஆளா வேற இருக்கிய." சிவப்புத் துண்டு கேட்டார், "போனு இல்லையாண்ணே? மேப்பப் பாத்துட்டுப் போகலாம்ல?" சார்ஜ் இல்லை என்றேன். ட்ர்ர்ர் என்று மாடத்துக்குள் துண்டு துடித்தது. மூன்று பேருக்கும் கேட்டது. அவர் மாடத்தை ஒரு தடவை பார்த்தார். "மேக்க திருப்பி வாங்கண்ணே. பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார்.

பொய் சொன்ன கூச்சத்தில்தான் துண்டை எடுத்தேன். போனை மாடத்திலிருந்து வெளியே இழுத்தேன், இழுக்கும்போது பக்கத்தில் காம்பஸ் அசைந்தது. படகு திரும்பவில்லை, சுக்கான் திரும்பவில்லை, காம்பஸ் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எழுபத்தெட்டில் போய் நின்றது. போனைத் திரும்ப அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். முப்பத்தைந்து. எடுத்தேன். எழுபத்தெட்டு. உறையின் மூடியில் காந்தம். டப்பென்று ஒட்டிக்கொள்கிறதே, அது எதனால் ஒட்டும் என்று நினைத்தேன். கப்பலில் சுக்கான் பக்கத்தில் சாவிக்கொத்தோடு ஒருத்தன் வந்தால் வெளியே போடா என்று நானே விரட்டியிருக்கிறேன். ரேடியோ வைத்ததற்காக ஒரு பயிற்சிக்காரனை ஒரு நாள் முழுக்க பெயிண்ட் சுரண்ட விட்டிருக்கிறேன். நானே, என் கையாலேயே, பார்க்கப் பயந்து ஒளித்து வைத்த இடம் அது. மூன்றரை மணி நேரமாகக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறேன். காற்று சொன்னது, அலை சொன்னது, தண்ணீர் சொன்னது, எல்லோரும் மாறிவிட்டார்கள், நான் மட்டும் சரியாகப் போகிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். மேப் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் திறந்துதான் ஆக வேண்டும்.

மைனியிடமிருந்து பதினொரு அழைப்பு, அண்ணனிடமிருந்து ஒன்பது. மெசேஜ் எல்லாம் அண்ணன்தான். மைனி கேட்கிறாள், மைனி கேட்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் மெல்கி. மேலிருந்து படித்தேன். 'காத்து பத்து நாட். மத்தியானம் பதினஞ்சு ஆவும். பத்து மணிக்கு மேல பாயச் சுருக்கு.' 'தம்பி பல்தசார் எப்படி ஓடுதான்?' 'ஏலே, கொஞ்சம் கெழக்க சாயுத.' 'கஸ்பாரு, கோட்டப்பட்டினம் வடகிழக்கு. நீ போறது நேர் கெழக்கு. மேப்பப் பாரு.' 'வெளையாடுதியா?' 'தூங்கிட்டியா, சுக்கானக் கட்டிப் போட்டுட்டு?' 'போன எடுலே.' 'லைனுக்கு இன்னும் பதினாலு மைல்.' 'நெஞ்சு வலிக்கா? ஏதாவது ஆயிட்டா? ஒரு எழுத்தாவது போடு.' 'பிலோமிய மரைன் போலீசுக்கு போன் பண்ணச் சொல்லிருக்கேன். அவளும் அழுதா.' 'பன்னெண்டு மைல்.' 'ரெண்டு ஊசியும் கையில இருக்கு, மெஷின விட்டு எந்திரிக்க முடியல. இல்லன்னா நானே படகெடுத்து வந்துருப்பேன்.' ஜெட்டியில் நின்றாலே குமட்டுகிறவன். திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தேன், எங்கேயாவது அந்தக் கிட்னிப் பேச்சு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒரு வரியிலும் இல்லை.

கூப்பிட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. "எங்கலே கெடந்த? ஏய், எங்கலே கெடந்த?" அவன் குரல் உடைந்து, பின்னால் மெஷின் கீக் கீக் என்று அடித்தது, ஒரு நர்ஸ், சார் கைய ஆட்டாதீங்க, ஊசி வெலகிரும் என்று சொல்வது கேட்டது. ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறேன், போனைக் காம்பஸ் பக்கத்தில் வைத்துவிட்டேன், உறையில் காந்தம் என்றேன். "காந்தமா? எட்டாங்கிளாஸ் பய கூட வைக்க மாட்டான்லே" என்றான், சிரிக்கப் போனவன் இருமினான். மைனியிடம் கத்திச் சொன்னான், கெடைச்சிட்டான், கெடைச்சிட்டான், போலீசுகிட்ட வேண்டாம்னு சொல்லிரு. "ஏன் எடுக்கல? அத்தன தடவ அடிச்சேன்." மைனி என்று நினைத்தேன் என்று சொன்னேன். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு எப்போதுமே புரிந்துவிடும், அதுதானே என் கோபம். என் கை இடது பக்கத்தின் மேல் இருந்தது. எடுக்கவில்லை. "மெல்கி, நான் தாரேன்."

"என்னத்த?"

"எடது பக்கத்துல உள்ளத."

கீக், கீக். "நான் ஒன்ட்ட கேக்கலயேலே."

"நீ கேக்க மாட்ட. அதான் நானே சொல்லுதேன். பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே தாரேன், பரவாயில்லையா?"

மெஷின் நாலைந்து தடவை அடித்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அவனா, பக்கத்துக் கட்டிலில் யாராவதா தெரியவில்லை.

"மொதல்ல மேக்க திருப்பு" என்றான்.

"திருப்பிட்டேன்."

"இன்னும் திருப்பலலே. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

போனைப் பழையபடி சட்டைப் பைக்குள் போட்டேன், அணைக்கவில்லை, அவன் மூச்சுச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சுக்கான் கட்டையைத் தள்ளினேன்.